இரண்டு வினைச்சொற்களும் ஒரு காரும்

'கன்வின்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை நம் ஆட்கள் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. மேனேஜரை கன்வின்ஸ் பண்ணி லீவு வாங்குகிறோம். மாமியாரை கன்வின்ஸ் பண்ணித் தனிக்குடித்தனம் போகிறோம். பல் டாக்டரிடம் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிற குழந்தையைக்கூட கன்வின்ஸ் பண்ணித்தான் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். பக்கத்திலேயே 'பர்சுவேட்' என்று இன்னொரு சொல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதை ஏறெடுத்துப் பார்ப்பாரில்லை. எல்லா வேலையையும் மூத்த மருமகள் தலையில் கட்டிவிட்டு இளையவள் இருப்பதையே மறந்துபோன வீட்டைப் போலத்தான் நாம் ஆங்கிலம் பேசுகிறோம்.

இந்த இரண்டு சொற்களும் ஒன்றாகச் சேர்ந்து அந்த வாரம் அகராதிக்காரியின் மேசைக்கு வந்தன.

அகராதிக்காரி என்பது அவளுடைய அப்பா வைத்த பட்டப்பெயர். நாற்பதைத் தொட்டுவிட்ட பெண். அப்பா, அம்மாவோடுதான் குடியிருந்தாள். வேலை, ஓர் அச்சகத்தின் மாடியில் இருந்த இரண்டு அறைகளில். ஆங்கிலம் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு அகராதி தயாராகிக்கொண்டிருந்தது. கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேலே மேசைகள் லேசாக நடுங்கும்.

அந்த அலுவலகத்துக்கு ஒரு விநோதமான வழக்கம் உண்டு. ஒரு வினைச்சொல்லுக்குப் பொருள் எழுதினால் மட்டும் போதாது. அதற்கு ஒரு சாட்சி கொண்டுவர வேண்டும். சாட்சி என்றால், எழுதுகிறவர் தன் கண்ணால் பார்த்த ஒரு சம்பவம். கற்பனை வாக்கியம் அங்கே செல்லாது. 'அவன் மரத்தை வெட்டினான்' என்று எழுதிக்கொண்டு போனால், "எவன்? எந்த மரம்? நீங்க எங்க நின்னு பார்த்தீங்க?" என்று கேட்பார் ஆசிரியர். முணுமுணுப்பதற்கும் கிசுகிசுப்பதற்கும் வித்தியாசம் பிடிக்கப்போன ஒருவர், நூலகத்தில் அடுத்தவர் பேச்சை ஒட்டுக் கேட்டதாக வெளியே அனுப்பப்பட்டார். வெளியே அனுப்பியவர் முணுமுணுத்தாராம். அதையே இவர் சாட்சியாக எழுதிக்கொடுத்துத் தப்பித்தார்.

ஆசிரியர் அவளைவிட வயதில் சின்னவர். நீளமான வாக்கியத்தைக் கண்டால் வெட்டக் கை பரபரக்கும் என்பதால் முதுகுக்குப் பின்னால் அவருக்குக் 'கத்தரி' என்று பெயர். அகராதிக்காரி இரண்டு சொற்களுக்கும் 'நம்பவைத்தல், இணங்கச்செய்தல்' என்று எழுதிக்கொண்டுபோய் நீட்டினாள். கத்தரி ஒரு அட்டையைப் பார்த்தார். அடுத்த அட்டையைப் பார்த்தார். மறுபடி முதல் அட்டைக்கு வந்தார்.

"அக்கா, ரெண்டு பேருக்கும் ஒரே சட்டையைத் தைச்சுக் கொண்டாந்திருக்கீங்களே. அளவு எடுத்தீங்களா?"

"ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதானே சார்."

"ஒண்ணுன்னா ஒண்ணைத் தூக்கிடலாம். எதைத் தூக்கட்டும்?"

இரண்டும் ஒன்றல்ல என்று அவள் மனசுக்குத் தெரிகிறது. எங்கே பிரிகிறது என்றுதான் தெரியவில்லை. பல்லிடுக்கில் ஏதோ மாட்டிக்கொண்டால் நாக்கு சும்மா இருக்குமா? அன்றிலிருந்து அவள் புத்தியும் அங்கேயே போய்ப் போய் நின்றது. பஸ்ஸில், படிக்கட்டில், குளியலறையில் என்று யார் யாரை எதற்குச் சம்மதிக்கவைக்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தாள்.

வீட்டிலேயே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

அவளுடைய அப்பா டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தவர். அந்தப் பக்கத்தில் ஸ்டியரிங் பிடிக்கிற கைகளில் பாதி அவர் பழக்கிய கைகள். பெற்ற மகளுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. அவர் போட்ட சத்தத்தில் அவள் நடுரோட்டில் இறங்கி அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தவள்தான், அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள்.

ஓய்வுபெற்ற நாளில் அப்பா அம்மாவிடம் ஒரு வாக்குக் கொடுத்தார். அம்மா கடைவீதி ஒன்றில் துணி திருத்தித் தைக்கிற கடை வைத்திருக்கிறாள். கால்சராய்க்குக் கீழ் மடிப்பு, தொளதொளத்த கோட்டுக்குப் பிடிப்பு, இந்த மாதிரி வேலை. அப்பா ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் கார் பழக்கிக்கொண்டிருந்த காலம் முழுக்க அம்மா பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போய்வந்தாள். "இனிமே நீ பஸ்ல நிக்க வேண்டாம்" என்றார் அப்பா. சொன்னதைக் காப்பாற்றினார். காலையில் கொண்டுபோய் விடுவதும் மாலையில் கூட்டிவருவதும்தான் அவருடைய உத்தியோகம்.

அந்த உத்தியோகத்துக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பக்கப் பார்வை தேய்ந்துகொண்டே வந்துவிட்டது. நேரே பார்த்தால் தூரத்து எழுத்தையும் படிப்பார். பக்கவாட்டில் எதுவும் தெரியாது. இடப்பக்கம் சுத்தமாக இல்லை. இனி வண்டி ஓட்டக் கூடாது என்று கண் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அப்பா, "ரொம்ப நன்றி டாக்டர்" என்று கைகுலுக்கிவிட்டு வெளியே வந்து காரை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, அவள் அலுவலகத்தில் விட்டுவந்த அட்டைகளை எடுத்துவர அவளை அழைத்துக்கொண்டு போனார். "பத்து நிமிஷத்துல ஆபீஸு. இதுக்குப் போயி டாக்ஸியா?" என்று அவர் கேட்டதும், அவளும் ஏறிக்கொண்டாள். திரும்பி வரும்போது மடியில் அட்டைகளைப் பரப்பிப் படித்துக்கொண்டே வந்தாள். எதேச்சையாக நிமிர்ந்தபோது இடப்பக்க நடைபாதையிலிருந்து ஒரு பெண், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலைக்குள் இறங்கிவிட்டிருந்தாள். கார் வேகம் குறையவில்லை.

"அப்பா!"

அவர் பிரேக்கை மிதித்த மிதியில் அட்டைகள் எல்லாம் பறந்தன. கார் நின்றது. குழந்தை வண்டியின் சக்கரத்துக்கும் காருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற இடம்கூட இல்லை. அந்தப் பெண் வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டியதில் ஒரு வார்த்தைகூட அநியாயமில்லை.

அப்பா ஓரமாக நிறுத்தி, கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"நான் பார்க்கவே இல்லம்மா. எனக்கு அங்க ரோடு மட்டும்தான் இருந்தது. ஆளே இல்ல."

அன்று மாலை அகராதிக்காரி வக்கீலைப்போலத் தயாராகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். டாக்டர் கொடுத்த பார்வைப் பரிசோதனைப் படத்தை மேசைமேல் விரித்தாள். வட்டத்துக்குள் தெரியாத இடமெல்லாம் கறுப்பாக அச்சாகியிருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இங்க பாரு. இந்தக் கறுப்பு இருக்குல்ல, இதுக்குள்ளதான் அந்தப் பொண்ணு நின்னிருக்கா. மூளை என்ன பண்ணும் தெரியுமா? கறுப்பா காட்டாது. பக்கத்துல இருக்கிற ரோட்டை இழுத்து அங்க ஒட்டிடும். அதனாலதான் ஓட்டுறவனுக்குச் சந்தேகமே வராது. குருடனைவிட மோசம் இது. குருடனுக்காவது தான் குருடன்னு தெரியும்."

"அதைத்தான்பா நானும்…"

"இந்தக் கண்ணோட ஒருத்தன் என்கிட்ட கத்துக்க வந்தான்னு வெச்சுக்க. வாசப்படி ஏறவே விடமாட்டேன்."

"அப்ப நீங்க ஓட்டறது தப்புதானே?"

"தப்புன்னா சாதாரணத் தப்பா? நீ சொல்றது நூத்துக்கு நூறு சரி."

அகராதிக்காரி நிம்மதியாகப் போய்த் தூங்கினாள். காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தால் வாசலில் காரில்லை. வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிட்டது. அம்மாவை ஏற்றிக்கொண்டு அப்பா கிளம்பிப் போய்விட்டார்.

அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் வேறொன்றும் வந்தது, அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும்: ஆச்சரியம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ஆளாக இருந்தால் மல்லுக்கட்டலாம். அப்பாவோ முயலுக்கு நாலு கால்தான் என்று ஒப்புக்கொள்கிறார். எந்தக் கால் எங்கே இருக்கிறது என்றுகூடக் காட்டுகிறார். காட்டிவிட்டு மூன்று கால் முயலைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். இந்த மனிதரை என்னவென்று சொல்வது?

அலுவலகத்துக்குப் போனதும் கத்தரியின் மேசைக்கு நேராகப் போனாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். "மகள் சொன்னது சரி என்று தந்தை ஏற்றுக்கொண்டார், மறுநாளும் வண்டியை எடுத்தார்" என்று அட்டையில் எழுதிக் காட்டினாள்.

கத்தரி வழக்கம்போலக் கையை வைக்கவில்லை. ஒரு எழுத்தைக்கூட அடிக்கவில்லை.

"அப்ப உங்கப்பா கன்வின்ஸ் ஆயிட்டாரு."

"ஆமா சார். என்னைவிட அதிகமா ஆயிட்டாரு. அந்தச் சொல்லோட வேலை அங்கயே முடிஞ்சுபோச்சு. தலைக்குள்ள மாறணும், மாறிடுச்சு. காலு மாறலை. காலு மாறினாத்தான் பர்சுவேட்."

"நல்லாருக்கு." அவர் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். "தலை மாறி கால் மாறாம இருக்கலாம், சரி. கால் மாறி தலை மாறாம இருக்குமா?"

"அது எப்படி சார்? நம்பாம யாராவது செய்வாங்களா?"

"எனக்கும் தெரியலை. பார்த்தா வந்து சொல்லுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அக்கா, அகராதி கிடக்கட்டும். நீங்க வீட்டுக்குப் போங்க. அடுத்த தடவையும் பிரேக் பிடிக்கும்னு என்ன நிச்சயம்?"

அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே அம்மாவின் கடைக்குப் போனாள். அம்மா யாருடைய கால்சராயையோ மடியில் போட்டுத் தையல் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு இடப்பக்கம் சுத்தமாத் தெரியலை. நேத்து ஒரு குழந்தை செத்திருக்கும். தெரிஞ்சும் நீ அந்தக் காருல ஏறிக்கிட்டு வர்றியா?"

"தெரியாமலா?" அம்மா நிமிரவில்லை. "இடப்பக்கம் நான்தானே பார்க்கிறேன்."

"என்னது?"

"சைக்கிள் வருதுங்க, பஸ் நிக்குதுங்க, பொம்பளை ஒருத்தி இறங்குறாங்கன்னு சொல்லிக்கிட்டே வருவேன். சும்மா பேசிக்கிட்டு வர்ற மாதிரி. அவரும் சும்மா கேட்டுக்கிட்டு வர்ற மாதிரி ஓட்டுவார். கொஞ்ச மாசமா இப்படித்தான் ஓடுது. நேத்து நான் இல்ல. நீ அட்டை படிச்சுக்கிட்டு வந்திருப்ப."

அம்மாவை வாயாடி என்று அகராதிக்காரியும் அப்பாவும் கேலி செய்த காலம் உண்டு. காரில் ஏறினால் வாய் ஓயாதே என்று இவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

"நீயாவது ஓட்டாதீங்கன்னு சொல்லக் கூடாதா?"

"எதுக்கு? அதுதான் அவருக்கே தெரியுமே."

"அம்மா, தெரிஞ்சு என்ன பிரயோசனம்! நீ பஸ்ல போறேன்னு சொல்லு. முடிஞ்சுபோச்சு."

அம்மா ஊசியைச் சின்ன ஊசிமெத்தையில் குத்தினாள். "அவர் வாயால எனக்குச் சொன்ன ஒரே வாக்கு அது. அதை நானே எப்படிப் பிடுங்குறது?" என்றாள். அப்புறம் கால்சராயைத் திருப்பிப்போட்டுக்கொண்டு தைக்க ஆரம்பித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அகராதிக்காரி கார்ச் சாவியை அலமாரியில் போர்வைகளுக்கு நடுவே ஒளித்துவைத்தாள். அப்பா மேசையைத் தடவிப் பார்த்தார். கொக்கியைப் பார்த்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"நல்ல காரியம் பண்ணின" என்றார் மனப்பூர்வமாக. "உன் இடத்துல நான் இருந்தாலும் இதைத்தான் பண்ணியிருப்பேன்."

சட்டைப் பையிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பார்கள். இங்கே கல்லோ ஏற்கெனவே கரைந்து தண்ணீராகத்தான் இருந்தது. இதற்குமேல் எதைக் கரைப்பது? அன்று அகராதிக்காரிக்கு ஒரு வரிகூட ஓடவில்லை. தெருவில் எங்கோ ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். மாலையில் வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டபோதுதான் மூச்சு விட்டாள். இன்றைக்குத் தப்பித்தோம், நாளைக்கு என்ன செய்வது என்று நினைக்கவே பயமாக இருந்தது.

புதன்கிழமை காலையில் அம்மா வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பிவிட்டாள். தோளில் பையை மாட்டிக்கொண்டு முதலில் வெளியே போய், எப்போதும் பூட்டாத காரில் ஏறிக்கொண்டாள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு சாவியோடு வாசலுக்கு வந்தார். பின்னாலேயே மகளும் வந்தாள். இன்றைக்குக் காரின் முன்னால் படுத்துவிடுவது என்றுகூட ஒரு யோசனை அவளிடம் இருந்தது.

அம்மா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு.

"என்ன இது?" என்றார் அப்பா.

அம்மா பையைத் திறந்து ஒரு அட்டையை நீட்டினாள். அவளுடைய படம் ஒட்டிய ஓட்டுநர் உரிமம். புத்தம் புதிது.

"மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல போய்க் கத்துக்கிட்டேன். போன வாரம் கையில வந்தது. சொல்லத்தான் பயமா இருந்துச்சு."

அப்பாவின் முகம் சிவந்தது. தன் கண் போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோதுகூட அது அப்படிச் சிவக்கவில்லை.

"யாரு சொல்லிக்கொடுத்தா?"

"உங்ககிட்ட படிச்சவதான். மூணு தடவை ஃபெயில் ஆச்சே, அந்தப் பொண்ணு. இப்ப சொந்தமா ஸ்கூல் வெச்சிருக்கா."

"அவளா! அவளுக்கு ரிவர்ஸே வராதே!"

"எனக்கும்தான் வரலை" என்றாள் அம்மா.

அகராதிக்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இதுதான் சமயம் என்று முன்னால் வந்தாள். "அப்பா, யோசிச்சுப் பாருங்க. அம்மாவுக்குக் கண்ணு நல்லாத் தெரியுது, லைசென்ஸ் இருக்கு…" அம்மா ஒரு கையை மட்டும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, சும்மா இரு என்று காட்டினாள்.

"என்னங்க" என்றாள் அம்மா. "தனியா ஓட்ட எனக்குப் பயமா இருக்கு. பக்கத்துல வந்து உக்காருங்க."

அப்பா நின்றார். போர்வைக்குள் ஒளித்த சாவி அலமாரியிலேயே கிடந்தது, மாற்றுச் சாவி அவர் கையில் இருந்தது. அது இல்லாமல் வண்டி கிளம்பாது என்பது மூன்று பேருக்கும் தெரியும். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா இறங்கியிருப்பாள். அதுவும் மூன்று பேருக்கும் தெரியும்.

அவர் காரைச் சுற்றிக்கொண்டு நடந்தார். கதவைத் தடவித் திறந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, சாவியை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். மகள் பின்னால் ஏறிக்கொண்டாள்.

கார் ஒரு குதி குதித்து அணைந்தது. மறுபடி கிளம்பியது. தெருமுனை வரைக்கும் அப்பா வாயைத் திறக்கவில்லை. அதற்குப்பின் மூடவில்லை. "கிளட்சு! கிளட்சை மெதுவா விடு! வெறகு பொளக்கிற மாதிரி கியரைப் போடறியே! அவளைப் போய் ஸ்கூல் நடத்த எவன் விட்டான்?" அம்மாவுக்குக் காதோரம் வியர்த்தது. ஆனாலும் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் திரும்பினாள். இடப்பக்கம் ஒரு சைக்கிள்காரன் வந்தபோது நின்று வழிவிட்டாள். அப்பாவுக்கு எதற்கு நின்றோம் என்றே தெரியவில்லை.

சிக்னலில் நின்றபோது அகராதிக்காரி முன்னால் சாய்ந்தாள். கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை. இந்த வாரம் முழுக்க அவளைப் பிடித்து ஆட்டிய கேள்வி அது.

"அப்பா, அம்மா நல்லா ஓட்டுவாங்கன்னு நம்பித்தான் உக்காந்தீங்களா?"

"நம்பறதா? யாராவது நம்புவாங்களா? இவ ஓட்டறதைப் பார்த்தியா நீ?"

"அப்புறம் எதுக்கு உக்காந்தீங்க?"

அவர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு பக்கம்தான்.

"டாக்டர் இறங்குன்னாரு. நீ இறங்குங்கன்ன. எல்லாம் நியாயம்தான், நான் ஒரு தடவையாவது இல்லைன்னு சொன்னேனா?" அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. "இறங்கி எங்க போறதுன்னு ஒருத்தரும் சொல்லலை. இவதான் பக்கத்துல உக்காருன்னா."

பச்சை விழுந்தது. "இப்ப போலாமாங்க?" என்று அம்மா கேட்டாள். அப்பா, "போ" என்றார்.